லிசன் டு, வெயிட் ஃபார், டிபெண்ட் ஆன்: ஆங்கில வினையோடு ஒட்டி வரும் சின்னச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். நர்சிங் படிக்கிற பெண்கள், கால் சென்டர் வேலைக்குப் போகிற பையன்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குக் கூட உட்கார வேண்டும் என்பதற்காகவே வருகிற அம்மாக்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். டென்ஸ் எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடுகிறது. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற டு, ஃபார், ஆன், அட், வித் மட்டும் நன்றாகப் பேசுகிறவர்களையும் விடாமல் தடுமாற வைக்கிறது. வருகிற சந்தேகங்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, வகுப்பில் நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறேன், ஏனென்றால் இவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் போதாது, வாய்விட்டுச் சொல்லிக் காதில் விழ வேண்டும்.

டீச்சர், வெர்புக்குப் பின்னாடி ப்ரெபொசிஷன் சேருதுன்னு சொல்றீங்களே, சேர்றதுன்னா என்ன?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "வெயிட் ஃபார் மீ அட் தி பஸ் ஸ்டாண்ட்." எனக்காக பஸ் ஸ்டாண்டில் காத்திரு. இதில் ஃபார், அட் என்று இரண்டு ப்ரெபொசிஷன் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி உறவு இல்லை. அட் தி பஸ் ஸ்டாண்ட் என்பது இடம் சொல்கிறது, அவ்வளவுதான். அதை எந்த வினையோடும் சேர்க்கலாம்: பஸ் ஸ்டாண்டில் சாப்பிடலாம், தூங்கலாம், சண்டை போடலாம், எல்லாவற்றுக்கும் அதே அட் தான் வரும். ஃபார் மீ அப்படியில்லை. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல வெயிட் என்ற வினை ஃபாரைத்தான் கேட்கும், வேறு எதையும் வாங்கிக்கொள்ளாது.

இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். வினை தானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஜோடி. டிபெண்ட் என்றால் ஆன், பிலாங் என்றால் டு, கன்சிஸ்ட் என்றால் ஆவ், சஃபர் என்றால் ஃப்ரம். (ஒரு விஷயம்: எஃப் எழுத்து ஒன்று மட்டும் போட்டு எழுதுகிற சொல்லை ஆவ் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு எஃப் போட்டால்தான் ஆஃப். நம்மில் பலர் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, பிறகு எழுதும்போது மாற்றி எழுதிவிடுகிறோம்.)

ஐ லிசன் மியூசிக்னு சொன்னாலே புரிஞ்சிடுமே, நடுவுல எதுக்கு ஒரு டு?

புரியும், அதில் சந்தேகமே இல்லை. தமிழ் புதிதாகக் கற்கிற ஒருவர் "நான் பஸ் போகிறேன்" என்றாலும் நமக்குப் புரியத்தான் செய்கிறது. பஸ்ஸில் போகிறாரா பஸ்ஸுக்குப் போகிறாரா என்று ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு நாமே அந்த உருபைப் போட்டுக்கொள்கிறோம். ஆங்கிலம் கேட்பவருக்கும் அதே ஒரு நொடி வேலைதான். ஒரு வாக்கியம் என்றால் பரவாயில்லை, அரை மணி நேர இன்டர்வியூவில் எதிரில் இருப்பவரை நிமிஷத்துக்கு நாலு தடவை அந்த வேலையைச் செய்ய வைத்தால் அவர் களைத்துப் போவார்.

நமக்கு இங்கே டு விட்டுப்போவதற்குக் காரணம் தமிழ்தான். "பாட்டுக் கேட்கிறேன்" என்பதில் உருபே வெளியில் தெரிவதில்லை, ஐ மறைந்து நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் லிசன் மியூசிக் என்று வந்துவிடுகிறது. "என்னைப் பார்" என்பதை "லுக் மீ" என்று சொல்வதும் இப்படித்தான், லுக் அட் மீ என்று வர வேண்டும். ஹியர் என்ற வினைக்கு மட்டும் எதுவும் வேண்டாம், ஐ ஹியர் மியூசிக் சரி. காதில் தானாக விழுவது ஹியர், காதைக் கொடுத்துக் கேட்பது லிசன் டு.

எந்த வெர்புக்கு எந்த ப்ரெபொசிஷன்னு ஒரே ஒரு ரூல் சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிடுறேன்.

இதைக் கேட்காத மாணவரே கிடையாது. எல்லாவற்றையும் அடக்குகிற மாதிரி ஒரு விதி இல்லை. இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும், அப்போது நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். நாயைப் பார்த்தால் பயம், அதை எப்படிச் சொல்வீர்கள்? "நாய்க்குப் பயப்படுவேன்" என்பார்கள். ஏன் நாய்க்கு? நாயை ஏன் இல்லை? நாயோடு ஏன் இல்லை? யாரிடமும் பதில் இருக்காது. சின்ன வயதிலிருந்து அப்படியே காதில் விழுந்து வாயில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதே பயத்துக்கு ஆவ் வரும், அஃப்ரெய்ட் ஆவ் டாக்ஸ். அதற்கும் அங்கே பிறந்தவர்களிடம் காரணம் கேட்டால் இதே மௌனம்தான்.

நம் இலக்கணம் இந்த விஷயத்தை எப்போதோ கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்தெந்தப் பொருள் தரும் வினைகளோடு எந்த வேற்றுமை வரும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. காத்தல், ஒத்தல், ஊர்தல், புகழ்தல், பழித்தல் இவையெல்லாம் ஐ உருபு. அச்சம் என்ற சொல்லுக்கோ இரண்டாம் வேற்றுமையும் வரலாம், ஐந்தாம் வேற்றுமையும் வரலாம் என்று அடுத்த பகுதியில் தனியாக ஒரு சூத்திரம். அதாவது புலியை அஞ்சினான் என்றும் சொல்லலாம், புலியின் அஞ்சினான் என்றும் சொல்லலாம். இன்று நாம் அந்த இரண்டையும் விட்டு "புலிக்குப் பயந்தான்" என்று நான்காம் வேற்றுமைக்கு வந்துவிட்டோம். ஒரே மொழியில், ஒரே பயத்துக்கு, காலப்போக்கில் மூன்று உருபு. இதைப் பலகையில் எழுதிக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஆங்கிலம் மட்டும் நம்மைப் படுத்துகிறது என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

விதி இல்லை, பட்டியல் உண்டு, பட்டியலுக்குள் சின்னச் சின்ன ஒழுங்குகள் உண்டு. அந்த ஒழுங்குகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டிஸ்கஸ் அபவுட் தப்புன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எல்லாருமே அப்படித்தானே பேசுறோம்?

பேசுகிறோம். நம் ஊரில் மட்டுமில்லை, நைஜீரியாவிலும் ஹாங்காங்கிலும்கூடப் பேசுகிறார்கள். ஆனால் பரீட்சையிலும் அலுவலக எழுத்திலும் டிஸ்கஸ் என்ற வினைக்கு அபவுட் கூடாது. "வீ டிஸ்கஸ்டு தி சேலரி." அவ்வளவுதான். அபவுட் எங்கிருந்து வருகிறது என்றால் "அதைப் பற்றி விவாதித்தோம்" என்ற நம் பற்றியிலிருந்து. போதாததற்கு ஆங்கிலத்திலேயே டாக் அபவுட், டிஸ்கஷன் அபவுட் எல்லாம் சரியாக இருப்பதால் டிஸ்கஸுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது.

இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டால் பத்துப் பதினைந்து தவறு ஒரே நாளில் போய்விடும். வினையாக இருக்கும்போது ப்ரெபொசிஷன் வேண்டாம், அதே சொல் பெயராக மாறினால் வேண்டும். "ஐ ரிக்வெஸ்டட் லீவ்", ஆனால் "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்". "வீ ஆர்டர்டு டூ பிரியாணிஸ்", ஆனால் "அன் ஆர்டர் ஃபார் டூ பிரியாணிஸ்". "ஷி ஆன்சர்டு தி கொஸ்டின்", ஆனால் "தி ஆன்சர் டு தி கொஸ்டின்". "ஹி லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்", ஆனால் "லேக் ஆவ் எக்ஸ்பீரியன்ஸ்". "எம்ஃபசைஸ் திஸ் பாயிண்ட்", ஆனால் "எம்ஃபசிஸ் ஆன் திஸ் பாயிண்ட்". நாம் செய்கிற தவறெல்லாம் இரண்டாவதில் சரியாக இருப்பதைத் தூக்கி முதலாவதில் போடுவதுதான்.

இதே வரிசையில் என்டர், ரீச், மேரி மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்தான் என்பதற்கு என்டர்டு தி ரூம் போதும். என்டர் இன்டு என்பது ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு, என்டர் இன்டு அன் அக்ரிமெண்ட். ரீச்டு மதுரை, நடுவில் டு இல்லை. ஷி மேரீடு எ டாக்டர், வித் இல்லை. கல்யாணமாகி இருக்கிற நிலையைச் சொல்லும்போது மேரீடு டு எ டாக்டர் என்று டு வரும். "மேரீடு வித் டூ சில்ட்ரன்" என்று எங்காவது படித்தால் திடுக்கிட வேண்டாம், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டெல் மீயா, டெல் டு மீயா? எக்ஸ்ப்ளெய்ன் மீன்னு சொன்னா மட்டும் ஏன் திருத்துறீங்க?

டெல் வந்தால் ஆள் நேராக வருவார், டெல் மீ. சே வந்தால் டு வழியாக வருவார், சே டு மீ. ஆஸ்க் டெல்லின் கூட்டாளி, ஆஸ்க் மீ. எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட் இரண்டும் சே பக்கம். எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ, சஜஸ்ட் எ ஹோட்டல் டு மீ. "சஜஸ்ட் மீ எ குட் மூவி" என்று வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன், அது "சஜஸ்ட் எ குட் மூவி" என்று இருந்தாலே அழகாக இருக்கும்.

கோ டு ஸ்கூல் சரி, கோ டு ஆபீஸ் சரி, கோ டு ஹோம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

ஹோம் இங்கே இடத்தின் பெயராக இல்லாமல் திசை மாதிரி வேலை செய்கிறது. "உள்ளே போ, வெளியே போ, மேலே போ" என்கிறோம், "உள்ளேக்குப் போ" என்பதில்லை அல்லவா, அதுபோலத்தான் கோ ஹோம், கோ அப்ராட், கம் ஹியர், கோ தேர். யாருடைய வீடு என்று சொல்லிவிட்டால் அது இடமாகிவிடும், உடனே டு வந்துவிடும், கோ டு மை ஃப்ரெண்ட்ஸ் ஹோம்.

அரைவ் கொஞ்சம் தனி. அதற்கு டு வரவே வராது. ஊர், நாடு என்றால் இன், ஸ்டேஷன், ஏர்போர்ட், ஹோட்டல் மாதிரி குறிப்பிட்ட இடம் என்றால் அட். அரைவ்டு இன் சென்னை, அரைவ்டு அட் எக்மோர் ஸ்டேஷன். வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பழையபடி எதுவும் இல்லாமல் அரைவ்டு ஹோம்.

பஸ்னா ஆன், கார்னா இன். ரெண்டுக்குள்ளயும்தானே உட்கார்றோம் அக்கா?

உள்ளே எழுந்து நடக்க முடிகிற பொது வாகனங்களுக்கு ஆன். பஸ், ரயில், விமானம், கப்பல். நேராகப் போய் சீட்டில்தான் உட்கார முடியும் என்றால் இன். கார், டாக்ஸி, நம் ஆட்டோ, சின்னப் படகு. கால் போட்டு ஏறி உட்கார்கிற சைக்கிள், பைக், குதிரைக்கும் ஆன். ஏறுவதும் இறங்குவதும் இதையே பின்பற்றும்: கெட் ஆன் தி பஸ், கெட் ஆஃப் தி பஸ், கெட் இன் தி கார், கெட் அவுட் ஆவ் தி கார். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே "இல்" போதும் என்பதால் இந்தப் பிரிவு தேவையில்லாதது மாதிரி தெரியும், ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனால் பழகிவிடும்.

லுக் ஒரே வார்த்தை. அதுக்கு எப்படி இத்தனை அர்த்தம்?

நம் "பார்" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். பார், பார்த்துக்கொள், எதிர்பார், சரிபார், வேடிக்கை பார். கண்ணால் செய்கிற ஒரே வேலையிலிருந்து இவ்வளவு கிளைகள். நாம் வினைக்கு முன்னாலும் பின்னாலும் வேறு சொல் சேர்த்துச் செய்வதை ஆங்கிலம் சின்னச் சொல்லைப் பின்னால் வைத்துச் செய்கிறது. லுக் அட் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். லுக் ஃபார் என்றால் தேடு. லுக் இன்டு என்றால் ஒரு புகாரையோ பிரச்சினையையோ உள்ளே இறங்கி விசாரி. லுக் ஃபார்வர்ட் டு என்றால் ஆவலோடு எதிர்பார்.

எனவே லுக் என்று ஒரு சொல்லைப் படித்துவிட்டு அதன் ஐந்து அர்த்தங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். இவை ஐந்து வெவ்வேறு வினைகள். பார்த்துக்கொள் என்பதை நீங்கள் ஒருநாளும் பார் என்பதன் இரண்டாவது அர்த்தம் என்று படித்ததில்லை.

ஷவுட் அட், ஷவுட் டு ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தெருவில் ஒரு நாய் நிற்கிறது. அதன் மேல் கல்லை எறிந்தால் த்ரோ எ ஸ்டோன் அட் தி டாக். அதற்கு பிஸ்கட் போட்டால் த்ரோ எ பிஸ்கட் டு தி டாக். தமிழிலும் நாய் மேல் எறிவது வேறு, நாய்க்குப் போடுவது வேறு, இல்லையா? அட் வந்தால் அந்தப் பக்கம் இருப்பது குறி. டு வந்தால் அந்தப் பக்கம் இருப்பவர் வாங்கிக்கொள்கிறவர்.

ஷவுட் அட் மீ என்றால் என்னைத் திட்டிக் கத்தினார். ஷவுட் டு மீ என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். ஒரு பையன் தன் மேனேஜர் ரொம்ப நல்லவர், தூரத்தில் நின்றாலும் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பார் என்பதைச் சொல்ல வந்து "ஹி ஆல்வேஸ் ஷவுட்ஸ் அட் மீ" என்று சொல்லிவிட்டான். கேட்ட எல்லோரும் அந்த மேனேஜர் மேல் கோபப்பட்டார்கள். அட் எப்போதும் கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்மைல் அட், லுக் அட், வேவ் அட் எல்லாம் அன்பாகவும் இருக்கும். குறி வைப்பது என்பது மட்டும்தான் பொது.

கோபத்துக்கு ஆன் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அவன் மேல் கோபம்" என்பதால் ஆங்ரி ஆன் ஹிம் என்கிறோம். ஆங்ரி வித் ஹிம், அல்லது ஆங்ரி அட் ஹிம். விஷயத்தின் மேல் கோபம் என்றால் ஆங்ரி அபவுட் இட்.

ப்ரெபொசிஷன் விட்டுப்போனா அர்த்தமே மாறிடுமா, இல்ல சும்மா கிராமர் தப்பு மட்டும்தானா?

சில வினைகளில் முழுசாக மாறிவிடும், அவற்றில்தான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு மாணவி தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தம்பி தொலைந்துபோன கதையைச் சொன்னாள். போலீஸ்காரர்கள் ஒரு மணி நேரம் அவனைத் தேடினார்கள் என்பதற்கு "தி போலீஸ் சர்ச்டு மை பிரதர் ஃபார் ஒன் அவர்" என்றாள். அதற்கு அர்த்தம் அவனை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரம் சட்டைப்பையையும் பையையும் துழாவிச் சோதனை போட்டார்கள் என்பது. சர்ச்டு ஃபார் மை பிரதர் என்றால்தான் தேடினார்கள். அவளே அதை உணர்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் அவள் அந்த ஃபாரை விட்டதே இல்லை.

நர்சிங் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது ஆப்பரேட். "தி டாக்டர் ஆப்பரேட்டட் மை மதர்" என்றால் அம்மா ஒரு இயந்திரம், டாக்டர் சுவிட்சைப் போட்டு ஓட்டினார் என்று ஆகிவிடும். ஆப்பரேட்டட் ஆன் மை மதர். வெளிநாட்டு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தூக்கத்திலும் சரியாகச் சொல்ல வேண்டும்.

இதே வகையில் இன்னும் சில. ஷாட் தி டைகர் என்றால் குண்டு புலி மேல் பட்டது. ஷாட் அட் தி டைகர் என்றால் சுட்டது மட்டும் உறுதி, பட்டதா என்று தெரியாது. பே தி மேன் என்றால் அந்த ஆளுக்குக் காசு கொடுப்பது, பே ஃபார் தி டீ என்றால் டீக்குக் காசு கொடுப்பது. பிலீவ் ஹிம் என்றால் அவன் சொன்னதை நம்புவது, பிலீவ் இன் ஹிம் என்றால் அவனையே நம்புவது. ஐ நோ ஹிம் என்றால் பழக்கம் உண்டு, ஐ நோ ஆவ் ஹிம் என்றால் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்ரீ வித், அக்ரீ டு, அக்ரீ ஆன். எது எங்க?

ஆளோடு ஒத்துப்போனால் வித், ஒரு யோசனைக்குச் சம்மதித்தால் டு, இரண்டு பேரும் பேசி ஒன்றை முடிவு செய்தால் ஆன். ஐ அக்ரீ வித் யூ. ஹி அக்ரீடு டு தி ப்ளான். வீ அக்ரீடு ஆன் எ டேட். வேலைக்கு மனுப் போடுவதும் இப்படித்தான்: அப்ளை ஃபார் எ ஜாப், அப்ளை டு எ கம்பெனி. எதற்காக என்றால் ஃபார், யாரிடம் என்றால் டு.

டர்ன் ஆஃப் தி லைட், டர்ன் தி லைட் ஆஃப், ரெண்டுமே சரியாம். அப்போ லுக் தி பேபி ஆஃப்டர்னும் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இது கொஞ்சம் கஷ்டமான இடம், நிதானமாகப் படியுங்கள். டர்ன் ஆஃபில் வருகிற ஆஃப், லைட்டுக்குச் சொந்தமானது இல்லை. அது வினையின் ஒரு துண்டு, அதனால் கழன்று பின்னால் போய் நிற்க முடியும். லுக் ஆஃப்டரில் வருகிற ஆஃப்டர் பேபியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டு நகராது.

எது எந்த வகை என்று தெரிய இட் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். டர்ன் இட் ஆஃப் என்றுதான் வரும், டர்ன் ஆஃப் இட் வரவே வராது. லுக் ஆஃப்டர் இட் என்றுதான் வரும், நடுவில் இட் போகாது. காதும் உதவும். டர்ன் இட் ஆஃப் என்பதில் ஆஃப் அழுத்தமாக விழும். லுக் அட் இட் என்பதில் லுக் அழுத்தம், அட் மெலிசாகக் கரைந்துவிடும். எழுத்தில் ஒன்று போலத் தெரிகிற இரண்டைச் சொல்கிறேன்: "ஹி ரான் அப் எ ஹில்", "ஹி ரான் அப் எ பில்". முதலாமவர் மலை மேல் ஓடினார், அப் மலையைச் சேர்ந்தது. இரண்டாமவர் கடைக்கணக்கை ஏற்றிவிட்டார், அப் வினையைச் சேர்ந்தது. அதனால் பில்லைச் சொல்லும்போது மட்டும் ரான் இட் அப் என்று மாற்ற முடியும்.

லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூன்னு மெயில்ல போட்டேன். மீட்டிங் யூன்னு திருத்தினாங்க. டு வந்தா வெர்பு அப்படியே வரணும்னுதானே ஸ்கூல்ல சொன்னாங்க?

ஸ்கூலில் சொன்னது வேறு டு. வான்ட் டு கோ, ட்ரை டு கோ என்பதில் வருவது வினையின் தலையில் நிற்கிற டு. லுக் ஃபார்வர்ட் டு என்பதில் வருவது லிசன் டுவில் வருகிற அதே ப்ரெபொசிஷன். அதற்குப் பின்னால் பெயர்தான் வரும், வினை வந்தால் ஐஎன்ஜி போட்டுப் பெயராக்கிக்கொண்டு வர வேண்டும். நாமும் "சந்திப்பதற்கு" என்று பெயராக்கித்தானே உருபு சேர்க்கிறோம், "சந்திக்குக்கு" என்பதில்லை.

இங்கேயும் இட் சோதனையே போதும். லுக் ஃபார்வர்ட் டு இட் சரியாக ஒலிக்கிறது, எனவே மீட்டிங். வான்ட் டு இட் ஒலிக்கவில்லை, எனவே மீட். ஆப்ஜெக்ட் டு, கமிட்டட் டு எல்லாம் ஐஎன்ஜி வகை. பலரைக் குழப்புகிற யூஸ்டு டு இரண்டு வகையிலும் இருக்கிறது: "ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்" என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது.

கேள்வியோட கடைசியில ப்ரெபொசிஷன் தொங்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்வாரு. ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார் தப்பா?

தப்பே இல்லை, பேச்சில் அதுதான் இயல்பு. தொங்கக் கூடாது என்ற பேச்சுக்குப் பழைய கதை உண்டு. 1672-ல் ஜான் ட்ரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சன் ப்ரெபொசிஷனை வாக்கியத்தின் கடைசியில் விட்டிருப்பதைக் குறையாகச் சொன்னார். பிறகு தன் பழைய எழுத்துகளில் இருந்தவற்றையும் திருத்தினார். லத்தீனில் அப்படி வராது, லத்தீன் படித்தவர்களுக்கு அது உறுத்தியது. 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் இந்த வழக்கம் ஆங்கிலத்துக்கு ஊறியது, சாதாரணப் பேச்சுக்குப் பொருந்தும், ஆனால் உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பதே அழகு என்று இதமாகத்தான் சொன்னார். அதற்குப் பின் வந்தவர்கள்தான் அதை இறுக்கி விதி ஆக்கினார்கள். "ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்" என்று இன்று ஃப்ரெண்டிடம் கேட்டால் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

நம் ஆட்களிடம் நான் பார்க்கிற உண்மையான சிக்கல் நேர் எதிரானது, கடைசியில் விடுவது இல்லை, அடியோடு விட்டுவிடுவது. "ஹூ ஆர் யூ வெயிட்டிங்?" என்று நின்றுவிடுகிறார்கள். "யாருக்காக" என்று நம் உருபு யார் என்ற சொல்லோடேயே ஒட்டிப் போய்விடுவதால் கடைசியில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தோன்றுவதில்லை. "உட்கார ஒரு நாற்காலி" என்பதில் உருபே கிடையாது, அதனால் எ சேர் டு சிட் என்று நின்றுவிடும். எ சேர் டு சிட் ஆன். எழுத பேனா என்றால் எ பென் டு ரைட் வித், எழுத பேப்பர் என்றால் சம் பேப்பர் டு ரைட் ஆன். ஆன், வித் மாறுவதிலிருந்தே அது சும்மா தொங்கவில்லை, வேலை செய்கிறது என்று தெரிகிறது. செயப்பாட்டு வினையிலும் இதை விடக் கூடாது: தி பேபி வாஸ் லுக்டு ஆஃப்டர் பை ஹர் கிராண்ட்மதர்.

அமெரிக்காவுல இருக்கிற எங்க அண்ணி ரைட் மீன்னு சொல்றாங்க. நீங்க ரைட் டு மீன்னு சொல்லித் தர்றீங்க. யாரு சரி?

இரண்டு பேரும். "எனக்கு எழுது" என்பதற்கு அமெரிக்கப் பேச்சில் ரைட் மீ சரி, பிரிட்டிஷ் வழக்கில் ரைட் டு மீ. அங்கே ப்ரொடெஸ்ட் தி டிசிஷன், அப்பீல் தி வெர்டிக்ட் என்று நேராகப் போவார்கள், பிரிட்டனில் அகெய்ன்ஸ்ட் சேர்ப்பார்கள். படிவத்தை நிரப்புவது பிரிட்டனில் ஃபில் இன், அமெரிக்காவில் பெரும்பாலும் ஃபில் அவுட். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கவலைப்பட வேண்டியது நம் ஊரில் மட்டும் ஓடுகிற சிலவற்றைப் பற்றி. கோப் அப் வித் என்பதில் அப் வேண்டாம், கோப் வித். ரிட்டர்ன் பேக்கில் பேக் வேண்டாம். பாஸ் அவுட் என்று காலேஜ் முடித்ததைச் சொல்கிறோம், வெளிநாட்டில் அதற்கு மயங்கி விழுந்தேன் என்றுதான் அர்த்தம் கொள்வார்கள். ராணுவப் பயிற்சி முடிக்கிற அணிவகுப்புக்கு மட்டும் அந்தச் சொல் அங்கேயும் உண்டு. கிராஜுவேட்டட் ஃப்ரம் என்று சொல்லிவிடுங்கள்.

ஷி டிசைடட் ஆன் தி ட்ரெயின்னு ஒரு வாக்கியம் படிச்சேன். ட்ரெயின்ல போகும்போது முடிவு பண்ணாளா, ட்ரெயின்லதான் போகணும்னு முடிவு பண்ணாளா?

இரண்டு அர்த்தமும் உண்டு. முதல் பதிலில் சொன்ன பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போங்கள். ஆன் தி ட்ரெயின் என்பது வெறும் இடமாக இருந்தால் ரயிலில் உட்கார்ந்து முடிவெடுத்தாள். டிசைட் ஆன் என்று வினையும் ஆனும் ஜோடியாக இருந்தால் பஸ்ஸா ரயிலா என்று யோசித்து ரயிலைத் தேர்ந்தெடுத்தாள். எது என்று முன்பின் வாக்கியம்தான் சொல்லும். எழுதுபவர் நீங்கள் என்றால் "ஆன் தி ட்ரெயின்" என்பதை வாக்கியத்தின் முதலில் கொண்டுபோய் வையுங்கள், "ஆன் தி ட்ரெயின், ஷி டிசைடட் டு கால் ஹிம்" என்று. இடம் நகரும், ஜோடி அவ்வளவு சுலபமாக நகராது.

இத்தனையையும் எப்படித்தான் ஞாபகம் வெச்சுக்கிறது?

இருநூறு ஜோடி கொண்ட பட்டியலை டவுன்லோட் செய்து சுவரில் ஒட்டுவதால் பெரிய பலன் இல்லை, பலரும் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் வினையைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். டிபெண்ட் என்று எழுதாமல் டிபெண்ட் ஆன் என்று எழுதுங்கள், பக்கத்தில் உங்கள் வீட்டில் உண்மையாக நடந்த ஒரு வாக்கியம். நாளுக்கு மூன்று போதும். காலையில் அந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லுங்கள், சாயங்காலத்துக்குள் யாரிடமாவது ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள், வாய்ஸ் மெசேஜாக இருந்தாலும் சரி.

சிறுதொழில் செய்கிற ஒரு அம்மா வைத்திருந்த நோட்டு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு பக்கத்தில் மூன்றே வரி. "பே ஃபார்: ஐ பெய்டு ஃபார் தி தையல் மெஷின். வெயிட் ஃபார்: ஐ வெயிட்டட் ஃபார் தி பேங்க் லோன். பிலாங் டு: தி தையல் மெஷின் பிலாங்ஸ் டு மீ." தையலுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று அவருக்கு அப்போது தெரியாது, அதனால் தையலைத் தமிழிலேயே விட்டிருந்தார். மூன்று ப்ரெபொசிஷனும் சரியாக இருந்தது.